தீவகம் போவதற்கு முன்

தவணை விடுமுறை நெருங்கும்போது நம் வீடுகளில் ஒரு பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வருவதுண்டு. "எங்காவது போவோம்" என்பது பிள்ளைகளின் கட்சி. "எங்கே போவது? எதைக் கொண்டு போவது?" என்பது பெற்றோரின் கட்சி. இம்முறை பிள்ளைகளின் கட்சி சற்று உரத்த குரலில் பேசுகின்றது. அவர்கள் கைத்தொலைபேசியைத் திறந்தால் நீலக் கடலும் வெண்மணலும் நீர்மேல் கட்டிய குடில்களுமாக மாலைதீவே காட்சி தருகின்றது. உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் என்னிடமே கேட்டான்: "சேர், தீவுக்கூட்டம் பார்க்கவேண்டும் என்றால் மாலைதீவுக்குத்தானே போகவேண்டும்?"

மாலைதீவு பார்க்கத்தக்க நாடுதான். இருபத்தாறு பவளத் தீவு வளையங்களில் ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள் சிதறிக் கிடக்கும் விந்தை உலகில் வேறெங்கும் எளிதிற் காணக்கிடையாது. இராஜராஜ சோழன் பன்னீராயிரம் தீவுகளை வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி கூறுவது அந்நாட்டையே குறிக்கும் என்பர். ஆனால் ஐவர் கொண்ட ஓர் ஆசிரியர் குடும்பமோ கமக்காரர் குடும்பமோ விமானச் சீட்டும் விடுதி வாடகையும் கொடுத்து அங்கே நான்கு நாள் தங்கிவந்தால், அந்த நான்கு நாளுக்காக நாற்பது மாதம் கடன் கட்டவேண்டி வரலாம். அம்மாணாக்கனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தம்பி, தீவுக்கூட்டம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அதற்குக் கடவுச்சீட்டு வேண்டாம். இரவு பஸ் ஏறினால் விடியலில் அதன் வாசலில் இறங்கலாம்."

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் கிடக்கும் தீவகத்தையே சொல்கிறேன். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைதீவு என ஏழினைச் சேர்த்துச் சப்த தீவுகள் என்று பெரியோர் வழங்குவர். டச்சுக்காரர் இங்கு வந்தபோது தம் ஊர்ப் பாசம் மேலிட்டு, நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும், வேலணைக்கு லைடன் என்றும், காரைதீவுக்கு அம்ஸ்ரடாம் என்றும், அனலைதீவுக்கு ரொட்டர்டாம் என்றும் பெயரிட்டார்கள். இவற்றுள் டெல்வ்ற் என்பது மாத்திரம் ஆங்கிலப் படங்களில் இன்னும் நிலைத்து நிற்கின்றது. அம்ஸ்ரடாமுக்குச் சீட்டுக் கேட்டால் யாழ்ப்பாண பஸ் நடத்துநர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்! இப்பொழுது அந்த ஊர் காரைநகர். நம் பக்கத்துக் காரைதீவு, விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர், வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணாக்கரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன்.

தீவு என்ற சொல் மட்டக்களப்பாருக்குப் புதிதன்று. புளியந்தீவு, தேற்றாத்தீவு, மகிழடித்தீவு, வவுணதீவு என்று வாய் திறந்தால் தீவுதான். செட்டிபாளையத்தில் நிற்பவன் கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் பாதையில் ஏறிப் படுவான்கரைக்குப் போய்வருவதை நாம் ஒரு பிரயாணமாகவே எண்ணுவதில்லை. இப்பழக்கத்தால் வரும் துணிச்சலே எனக்கு அச்சம் தருவது. வாவி நீர் வேறு, கடல் நீர் வேறு. பாதையில் நின்றுகொண்டே வெற்றிலை போட்டவர்கள் நெடுந்தீவுப் படகில் உட்கார்ந்திருக்கவும் மாட்டாமல் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டில் இவ்வாண்டு இப்பயணம் வெறும் உல்லாசப் பிரயாணமாக இல்லை. என் மாமியார் எங்களுடன்தான் இருக்கிறார். எங்களுடன் என்பதைவிட, நாங்கள் அவர் வீட்டில் இருக்கிறோம் என்பதே நம் பகுதி வழக்கப்படி சரியான பேச்சு. 1990ஆம் ஆண்டின் பயங்கர நாள்களில், வீட்டை விட்டுப் போன தம் மகன் உயிரோடு திரும்பினால் நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு வெள்ளியில் ஒரு சிறு நாகவடிவம் சாத்துவதாக அவர் நேர்ந்துகொண்டார். மகன் திரும்பினார். இன்று அயல்நாட்டில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறார். நேர்த்தி மட்டும் நிற்கின்றது. அன்று பாதை இல்லை. கண்டி வீதி 2002இல் திறந்தபோது கையிற் பணம் இல்லை. 2006இல் அவ்வீதி மறுபடியும் மூடப்பட்டது. போர் முடிந்து வழி திறந்தபோது அவருக்கு முழங்கால் நோவு வந்துவிட்டது. இப்பொழுது வயது எழுபத்தெட்டு. "மருமகன், வெள்ளியைத் தபாலில் அனுப்பினால் அம்மன் ஏற்கமாட்டாவோ?" என்று சென்ற மாதம் கேட்டார். கேட்ட குரலிலேயே, அவர் அதை விரும்பவில்லை என்பது தெரிந்தது. ஆகவே நடக்கமாட்டாத ஒரு மூதாட்டியையும், நடக்கச் சொன்னால் ஓடுகின்ற இரு பிள்ளைகளையும் ஒரே படகில் ஏற்றி இறக்குவது எப்படி என்பதே என் வீட்டுப் பிரச்சினை. இதே பிரச்சினை உள்ள வீடுகள் பல என்று நம்புகிறேன்.

முதலில் காலம். இதில் தவறினால் மற்ற ஏற்பாடு எவ்வளவு நன்றாயினும் பயன் இல்லை. டிசம்பர் விடுமுறை வாடைக் காற்றும் மழையும் புயலும் உள்ள காலம். ஆகஸ்ட் விடுமுறையில் வானம் தெளிவாகவே இருக்கும். அந்தத் தெளிவைக் கண்டுதான் பலர் ஏமாறுகிறார்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வடக்கே சோளகம் வீசுகின்றது. நம் ஊரில் கச்சான் காற்றென்று கதவை அடைத்துக்கொள்கிற அதே பருவம். நம் பக்கம் அது கரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்றாதலால் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அங்கோ திறந்த கடல்மீது வந்து நெடுந்தீவுப் படகின் பக்கத்தில் அறைகின்றது. இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களே கடல் கண்ணாடிபோல் இருக்கக்கூடிய காலம். வெயில் கடுமைதான், குடை பிடித்து வெயிலைத் தாங்கலாம், குடை பிடித்து அலையைத் தாங்க முடியாது. சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையையே நாங்கள் தெரிந்துகொண்டோம். நயினை அம்மன் மகோற்சவம் ஆனி மாதத்தில் நடப்பது. தேர், தீர்த்தம் காணவேண்டுமென்ற ஆசை யாருக்கும் உண்டு. ஆயினும் அந்நாள்களில் குறிகாட்டுவான் துறையில் நிற்கும் கூட்டத்தில் முழங்கால் நோவுடையவரைக் கொண்டுபோய் நிறுத்துவது நேர்த்தி ஆகாது, தண்டனை ஆகும்.

அடுத்தது வழி. மட்டக்களப்பிலிருந்து புகையிரதத்திற் போவோர் மாகோவில் இறங்கி வடபகுதி வண்டிக்கு மாறவேண்டும். வரைபடத்தைப் பார்த்தால் வடக்கே போகவேண்டியவன் தென்மேற்கே போய்த் திரும்புவதாகத் தோன்றும். 1990இல் அறுந்த யாழ்ப்பாணப் பாதை 2014 அக்டோபரில் மீண்டும் இணைந்தது. பிள்ளைகளுக்குப் புகையிரதமே பிடிக்கும், ஆனால் மாகோ மேடையில் மூட்டைகளோடு காத்திருப்பது மாமியாருக்குப் பிடிக்காது. திருத்தவேலையாலும் வெள்ளத்தாலும் வண்டிகள் நிறுத்தப்படுவதும் உண்டாகையால், நிலையத்தில் நேரில் விசாரிக்காமல் புறப்படலாகாது. பொலனறுவை, ஹபறணை, வவுனியா, ஆனையிறவு வழியாகப் போகும் இரவு பஸ் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். அதையே முடிவு செய்தோம். ஆனால் ஒரு நிபந்தனை: இரவு பஸ்ஸில் இறங்கிய அன்றைக்கே கடல் ஏறக்கூடாது. தூக்கமில்லாத உடம்பும் காலியான வயிறும் படகின் ஆட்டமும் சேர்ந்தால் யாராயினும் படுத்துவிடுவார்கள். முதல்நாள் யாழ்ப்பாணத்தில் தங்கி நல்லூரில் கும்பிட்டு இளைப்பாறுவது வீண் செலவு அன்று.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் கடந்து வேலணை, அங்கிருந்து வாணர் பாலத்தால் கடந்து புங்குடுதீவு, அதன் மேற்கு முனையிற் குறிகாட்டுவான். இவ்வளவும் பஸ்ஸிலேயே போகலாம். இருபக்கமும் ஆழங்குறைந்த கடல், நடுவே ஒரு கோடு போல வீதி. செங்கால் நாரையும் கொக்கும் நிற்பதைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வருவார்கள். புங்குடுதீவில் பூட்டிய வீடுகளையும் இடிந்த சுவர்களையும் கண்டு, "ஏன் அப்பா, இங்கே ஆட்கள் இல்லை?" என்று கேட்பார்கள். போர்க்காலத்தில் பெயர்ந்து இன்று கனடாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும் வாழ்பவர்களின் வீடுகள் அவை. அக்கேள்விக்கு விடை சொல்ல நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவு கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய ஓட்டம். கோயில் வாசலுக்கருகிலேயே இறங்குதுறை. மாமியாரின் பொருட்டு நான் ஆராய்ந்த அளவில், கடலைவிடத் துறையே பெரிய தடை. படகின் விளிம்புக்கும் துறையின் படிக்கும் இடையே உள்ள ஓரடி இடைவெளி அலைக்கு அலை மாறும். இளைஞர் தாண்டிவிடுவர். முதியோரை முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாக நின்று, படகு மேலே எழும் கணத்தில் கால் வைக்கச் செய்யவேண்டும். அவசரப்படுத்துவோரைப் பொருட்படுத்தவேண்டாம். காலை முதற்படகுகளிற் போனால் கூட்டமும் குறைவு, வெயிலும் குறைவு. ஆண்கள் மேலங்கியைக் களைந்தே அம்மன் சந்நிதிக்குட் போகவேண்டுமாதலால் ஒரு சால்வை கைவசம் இருக்கட்டும். சிறிது தூரத்தில் நாகவிகாரை உளது. புத்தர் பெருமான் இத்தீவுக்கு வந்து, மணிகள் இழைத்த ஆசனமொன்றுக்காகப் போரிட்ட இரு நாக அரசரைச் சமாதானம் செய்தார் என்று மகாவம்சம் கூறுகின்றது. மணிமேகலைக் காப்பியத்திலும், மணிபல்லவத்தில் ஒரு பீடத்துக்காக இரு அரசர் பொருத கதை வருகின்றது. மணிபல்லவம் இந்த நயினாதீவே என்பது அறிஞர் சிலர் துணிபு, உடன்படாதாரும் உளர்.

மணிபல்லவம் என்றதும் எல்லோருக்கும் அமுதசுரபி நினைவுக்கு வரும். பிரயாணிகளுக்கு அதைவிட வேண்டிய கதை ஆபுத்திரனுடையது. சாவகத்துக்குப் போகும் கப்பலில் ஏறியிருந்த அவன், காற்றின் காரணமாகக் கப்பல் மணிபல்லவத்தில் தங்கியபோது கீழே இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிய கப்பலோர் இரவிற் பாய் விரித்துப் போய்விட்டனர். ஆளில்லாத தீவில், ஊட்டுவதற்கு ஒருவரும் இன்றித் தான் மட்டும் உண்ண மனமில்லாமல், அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையில் விட்டு அவன் உண்ணாதிருந்து உயிர் நீத்தான். இதிலுள்ள தத்துவத்தைப் பண்டிதர்கள் சொல்லட்டும். நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பது, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும் என்பதுதான். ஏறும்போது தலைகளை எண்ணுவது மூத்தவளின் பொறுப்பு.

மாணாக்கர் அங்கே தவறாமற் காணவேண்டியது, முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டு. ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், அயல்நாட்டு வணிகர் வந்திறங்கவேண்டும் என்று கூறி, யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உடையவருக்கும், மற்றைச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்றும் அது விதிக்கின்றது. சிங்கள மன்னன் கடல் வணிகருக்குத் தமிழில் எழுதிய கட்டளை! வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியாக வருவதைக் கல்லாகக் காண்பது வேறு அனுபவம்.

நெடுந்தீவு தனி நாளுக்குரியது. மாமியாரை அங்கே அழைத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அன்று அவரும் மனைவியும் யாழ்ப்பாணத்தில் தங்குவார்கள். குறிகாட்டுவானிலிருந்து ஒரு மணி நேரம் திறந்த கடல். இறங்கினால் வேறோர் உலகம். பவளப் பாறைத் துண்டுகளைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகள், வெளிகளில் கட்டின்றித் திரியும் குதிரைகள், ஆள் உள்ளே நுழையக்கூடிய வயிறுடைய பெருக்கமரம், டச்சுக்காரர் கோட்டையின் இடிபாடு, செய்திப் புறாக்கள் இருந்த புறாக்கூடு. குதிரைகளைப் பிடித்துப் படம் எடுக்க ஓடவேண்டாம். வறட்சிக் காலத்தில் அவை நீருக்குத் தவிப்பவை.

நீரைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நாற்புறமும் உப்புக்கடல் சூழ்ந்த தீவில் கிணற்று நீர் எப்படி நன்னீராயிற்று? மழைநீர் மண்ணிலும் சுண்ணக்கல்லிலும் ஊறி இறங்குகின்றது. கடல்நீரைவிட அது இலேசானது. ஆகவே கீழே கிடக்கும் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. டச்சுக்காரர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் தனித்தனியே கண்ட விதி இது. மேலே ஓரடி குறையும்படி இறைத்துவிட்டால் கீழே நாற்பதடி போய்விடும் என்பதும் அதே விதிதான். மாலைதீவின் கிணறுகளும் இவ்வாறே. செட்டிபாளையத்து மணற்கிணறுகளும் இவ்வாறே! 2004 டிசம்பர் 26இல் கடல் நம் ஊர்களுக்குள் வந்து போனபின் கிணறுகள் உவர்த்துப்போனமை நினைவிருக்கும். அளவுக்கு மீறி இயந்திரத்தால் இறைத்த இடங்களில் கீழிருந்த உவர்நீர் மேலே ஏறியது. பின்வந்த மழைகளே மெல்ல மெல்ல அவற்றைத் திருத்தின. ஆகவே நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் தமக்கு வேண்டிய குடிநீரைக் கூடவே கொண்டுபோகவேண்டும். அத்தீவார் தமக்கே அளந்து குடிக்கும் நீரை, ஒருநாள் விருந்தாளி கேட்டால் மறுக்காமற் கொடுப்பார்கள். அதனாலேயே நாம் கேட்கலாகாது.

இன்னொன்று. அந்தப் படகு நமக்காக ஓடுவதன்று. நோயாளி, கர்ப்பிணி, ஆசிரியர், அலுவலர், கடைக்கு அரிசி கொண்டுபோகிறவர் எல்லோருக்கும் அதுவே வீதி. குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்னும் படகுப் பெயர்களை நெடுந்தீவார் நாம் பஸ் இலக்கத்தைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டுக் குழந்தைகள் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அப்பெயரைக் கேட்டுத் தீவு முதியவர் ஒருவர் பேச்சை நிறுத்தினால் காரணம் கேட்டுத் தொல்லை கொடுக்காதிருக்கப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். இருக்கை போதாதபோது எழுந்து நிற்கவேண்டியவர் சுற்றுலாப் பயணியேயன்றித் தீவார் அல்லர்.

படகு நிறைந்துவிட்டால் ஏறாதீர்கள். 2021 நவம்பரில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்குப் போன சிறுவர்கள் மாண்டது ஆழ்கடலில் அன்று, கண்ணுக்கெட்டிய கரைகளுக்கு நடுவேதான். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி அணிவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. குழந்தைக்குப் பெரிய அங்கி கொடுத்தால் அது தலைவழியே கழன்றுவிடும், அளவானதைக் கேளுங்கள். கீழ்த்தட்டில் அடைபட்டு உட்காராமல், வெளியேறும் வழி தெரியும் இடத்தில் உட்காருங்கள். வயிறு குமட்டுபவர் தொலைபேசியைப் பாராமல் தொடுவானைப் பார்க்கட்டும்.

மிச்சமிருக்கும் ஒருநாளில் வேலணைச் சாட்டிக் கடற்கரையும், தமிழாராய்ச்சிக்கு உலக மன்றம் அமைத்த தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த கரம்பொன்னும், ஊர்காவற்றுறையும் பார்த்து, அங்கிருந்து காரைநகருக்குப் பாதையிற் கடக்கலாம். இடையிலே நீரில் நிற்கும் கடற்கோட்டைக்குப் பன்றித்தொடையின் குதிகால் என்று பொருள்படும் பெயரை டச்சுக்காரர் வைத்தனர். இலங்கையின் வடிவம் அவர்களுக்கு உணவாகத் தோன்றியிருக்கிறது! அனலைதீவு, எழுவைதீவு இரண்டையும் நாங்கள் இம்முறை விட்டுவிடுகிறோம். எல்லாத் தீவையும் ஒரே விடுமுறையிற் பார்த்துத் தீர்ப்பது என்பது பரீட்சைக்குப் படிப்பது போன்றது.

செலவுக்கு மனைவியின் சீட்டுக்காசு பங்குனியில் வருகின்றது. யாழ்ப்பாணத்தில் கீழ்மாடி அறை ஒன்று பேசியிருக்கிறோம். வெள்ளி நாகம் மட்டக்களப்பு நகரத் தட்டாரிடம் செய்யக் கொடுத்தாயிற்று. மாமியார் இப்பொழுது மாலைதோறும் முற்றத்தில் பத்துமுறை படி ஏறி இறங்கிப் பழகுகிறார். சின்னவன் கணக்கு வைக்கிறான். குறிகாட்டுவானில் அன்று காலை கடல் சரியில்லை என்று படகோட்டி சொன்னால், எங்கள் பயணம் மறுநாளைக்குத் தள்ளப்படும். அதற்காகவே ஒருநாள் மேலதிகமாக வைத்திருக்கிறோம்.